மலையைச் சுற்றும் ஊரில் உறங்காத கால்கள்

திருவண்ணாமலை தேரடித் தெருவில் இரவு ஒன்பதரை மணிக்குமேல் ஜவுளிக்கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிடும். வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் எங்காவது ஒரு படிக்கட்டில் உட்காருகிறார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெண்டைக்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து விட்டுக்கொள்கிறார்கள். காலையில் தளர்வாகக் கிடந்த கொலுசு இப்போது தோலில் பதிந்து, நகர்த்தினால் பள்ளமாகத் தடம் தெரிகிறது. "சாயங்காலம் ஆனா வீங்கிக்குதுங்க. காலையில எழுந்தா சரியாயிடும்" என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "படுத்தாதான் ஆரம்பிக்கும். ரெண்டு காலும் குடையும், தூங்கவே விடாது" என்பார்கள்.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கலாம். சாயங்கால வீக்கம் ரத்தக்குழாய் பற்றியது. படுத்தவுடன் தொடங்கும் குடைச்சல் பெரும்பாலும் மூளை பற்றியது. மாதக்கணக்கில் சரியாகத் தூங்காத ஒருவரின் மனம் என்ன ஆகும் என்பது மூன்றாவது. ஆனால், ஆஸ்பத்திரியில் இந்த மூன்றுக்கும் மூன்று வேறு அறைகள். அறுவை சிகிச்சைப் பிரிவில் காலைப் பார்ப்பார்கள். ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்க நேரமிருக்காது. மனநலப் பிரிவில் தூக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். காலைக் காட்டுங்கள் என்று சொல்லமாட்டார்கள். பொது மருத்துவப் பிரிவில் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதி, "வயசாகுது இல்லம்மா" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. காலும் தூக்கமும் மனமும் ஒரே ஆளுடையவை. ஒரே இடத்தில், ஒரே முறையில் மூன்றையும் கேட்டால்தான் இந்த நோயாளிகளுக்கு விடிவு.

நடக்கிறவரும் நிற்கிறவரும்

இந்த ஊர் காலால் பிழைக்கிற ஊர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள், பெரும்பாலும் வெறுங்காலில். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு முடிக்கும்போது கால் கெஞ்சும். அதனால் கால்வலி என்றாலே இங்கே கிரிவலத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால், நடப்பது ரத்தக்குழாய்க்கு எதிரி இல்லை. அசையாமல் நிற்பதுதான் எதிரி.

காலின் சிரைகள் ரத்தத்தைப் பாதத்திலிருந்து இதயத்துக்கு மேல்நோக்கிக் கொண்டுபோக வேண்டும். இடையிடையே உள்ள வால்வுகள் மதகு மாதிரி. மேலே போக விடும், கீழே திரும்ப விடாது. ஏற்றிவிடும் வேலை கெண்டைக்கால் சதையுடையது. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைக்குள் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. நடக்கத் தொடங்கிய சில எட்டுகளிலேயே அது 30-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மணிக்கணக்கில், வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சிரை விரிகிறது. விரிந்தால் வால்வின் இரண்டு இதழ்களும் சேர்ந்து மூடாது. ரத்தம் பின்னோக்கி இறங்கும், அழுத்தம் இன்னும் கூடும், அடுத்த வால்வும் போகும். இப்படி விரிந்து சுருளும் சிரையைத்தான் வெரிகோஸ் என்கிறோம்.

ஆகவே, பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் நடக்கிறவரின் காலைவிட, அவருக்கு டீ ஆற்றிக் கொடுக்க விடியவிடிய ஒரே இடத்தில் நிற்கிறவரின் கால்தான் அதிகம் கெடுகிறது. புரோட்டா மாஸ்டர், கல்லுக்கு முன்னால் நிற்கும் தோசை மாஸ்டர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண், தீபத் திருவிழாவுக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மாட வீதியில் நிற்கும் போலீஸ்காரர் என்று பட்டியல் நீளும். ஊரைத் தாண்டினால் மாவட்டத்திலேயே இன்னும் இருக்கிறார்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் வரிசை வரிசையாக வேலை பார்க்கும் இளம்பெண்கள் ஒருபக்கம். ஆரணியில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பட்டு நெய்பவர்கள் இன்னொருபக்கம். தறிக்காரர் மிதியை மிதித்துக்கொண்டே இருப்பதால் சதை வேலை செய்கிறது. ஆனாலும் மணிக்கணக்கில் கால் கீழேயே தொங்குகிறது, முட்டி மடங்கியே இருக்கிறது.

பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை, வயது ஆகியவையும் வெரிகோஸுக்குக் காரணம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். இதைப் பெண்களின் நோய் என்று நினைப்பதும் சரியில்லை. 1999-இல் வெளியான எடின்பரோ ஆய்வில் ஆண்களில் 40 சதவீதத்தினருக்கும் பெண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெரிய சிரைகளில் சுருள் இருந்தது. ஆனால், ஆண்களில் பலர் புண் வந்த பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள்.

நிற்பது ஒரு தொழில்நோய்க் காரணம் என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2021 செப்டம்பர் 6-ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது. அதற்குப் பின்னால், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பின் நீண்ட போராட்டம் இருந்தது. நம் பக்கம் 2010-இல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் பார்த்துக் கண்கலங்கியவர்கள் எத்தனையோ பேர். சட்டம் வர மேலும் பதினொரு வருடம் ஆனது.

சட்டம் வந்து கடைக்குள் என்ன மாறியது? சில கடைகளில் ஸ்டூல் வந்திருக்கிறது. பல கடைகளில் அந்த ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளி நினைக்கிறார். வாடிக்கையாளர்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாம் கடைக்குள் நுழையும்போது, "உட்காருங்கம்மா, நானே பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று ஒருவர் சொன்னாலே அந்தக் கடையில் அன்றைக்கு நிலைமை மாறும்.

புண்ணும் ஒதுங்கலும்

வெரிகோஸ் ஒரே நாளில் புண்ணாவதில்லை. முதலில் சிலந்தி வலை போல மெல்லிய நீலக் கோடுகள். பிறகு புடைத்துச் சுருண்ட குழாய்கள். சாயங்காலம் கனம், வீக்கம், இரவில் சதைப் பிடிப்பு. அடுத்து, கணுக்காலின் உட்பக்கம் கருக்கத் தொடங்கும்; சிரையிலிருந்து கசியும் ரத்தத்தின் இரும்புச்சத்து தோலுக்குள் தங்கிவிடுவதால் வரும் கருப்பு அது. அங்கே அரிப்பு எடுக்கும். இந்த இடத்தில் நிறைய பேர் சொறி, சிரங்கு என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கிப் பூசி வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். தோல் தடித்து, இறுகி, கடைசியில் ஒருநாள் ஒரு சின்னச் சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகிறது.

அந்தப் புண்தான் மனத்தை உடைப்பது. நீர் வடியும், துணி ஒட்டிக்கொள்ளும், நாற்றம் வரும். கோயிலுக்குள் செருப்பில்லாமல் போகவேண்டிய ஊரில் கட்டுப்போட்ட காலோடு யார் வரிசையில் நிற்பது? கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். பேரப்பிள்ளை மடியில் ஏற வந்தால் விலக்குகிறார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த பகுதி என்பதால், காலில் ஆறாத புண் என்றாலே பெரியவர்களின் மனத்தில் ஒரு பயம் இன்னும் இருக்கிறது. பக்கத்து வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத்திரும்ப அழுத்தமும் காயமும் படுவதால்தான் புண் வருகிறது என்று காட்டினார். சிரைப் புண்ணுக்குக் காரணம் வேறு, ஆனால் பாடம் இங்கேயும் பொருந்தும்: ஆறாத புண் என்பது சாபமும் இல்லை, தொற்றும் இல்லை. காரணத்தைச் சரிசெய்தால் ஆறும்.

காரணம் சிரையின் அழுத்தம். ஆகவே முதல் மருந்து வெளியிலிருந்து கொடுக்கும் எதிரழுத்தம், அதாவது கட்டு. கட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கால் தரையில் படுமுன் கட்ட வேண்டும். எழுந்து பல் தேய்த்துவிட்டுக் கட்டினால் அதற்குள் கால் வீங்கத் தொடங்கியிருக்கும். கிரேப் பேண்டேஜைக் கால்விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கும்படி முட்டிக்குக் கீழ் வரை கொண்டுவர வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகத் தளர்வு. நம் வீடுகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். கெண்டைக்காலில் மட்டும் இறுகக் கட்டுகிறார்கள். பாதம் பன்னாக வீங்குகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருமுறை கட்டிக் காட்டி, பிறகு நோயாளியையோ மகளையோ தன் கண்முன்னாலேயே கட்டச் சொல்லிப் பார்த்தால் பாதிப் புண்கள் வீட்டிலேயே ஆறத் தொடங்கும் என்று நம்புகிறேன். சர்க்கரை நோயாளிகளும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் மட்டும் கட்டுக்கு முன்னால் தமனி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் கீழே வருவதே குறைவாக இருக்கும் காலில் இறுகக் கட்டினால் விரல் போய்விடும். இவர்கள் வெறுங்காலில் கிரிவலம் போவதும் ஆபத்து. மரத்துப்போன பாதத்தில் முள் ஏறினால் தெரியாது, வெயிலில் தார்ச்சாலை சுட்டாலும் தெரியாது.

சுருண்ட சிரை சில சமயம் உடைந்து ரத்தம் பீறிடும். குளியலறையில் அதைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. உடனே படுக்க வைத்து, காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். நின்றுகொண்டு கட்டுப்போட முயல்வதுதான் ஆபத்து.

அறுவை சிகிச்சை இப்போது பெரிதும் மாறிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு கசிகிறது என்று நோயாளியை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் கெட்ட சிரையை உள்ளேயே அடைக்கிறார்கள். நுரை மருந்து ஊசியும் உண்டு. பெரும்பாலானவர்கள் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

படுத்தால் குடையும் கால்

இனி அந்தக் குடைச்சல். இதைச் சொல்லும்போது நோயாளிகள் தடுமாறுகிறார்கள். வலி என்றும் சொல்ல முடிவதில்லை. "எறும்பு ஊறுதுங்க", "எலும்புக்குள்ள யாரோ பிசையறாங்க", "காலை வெட்டிப் போட்டாத் தேவலைன்னு இருக்கு". நம் வீடுகளில் இதற்கு வழிவழியாக ஒரு வைத்தியம் இருக்கிறது. துண்டையோ பழைய தாவணியையோ கெண்டைக்காலில் இறுக்கி முடிந்துகொண்டு படுப்பது, அல்லது பேரனை மேலே ஏறி மிதிக்கச் சொல்வது. பாட்டி காலை மிதித்து வளர்ந்த பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தாங்கள் மிதித்தது ஒரு நரம்பியல் நோயை என்று தெரியும்?

ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று மருத்துவம் இதை அழைக்கிறது. 1672-இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்தார். படுக்கப் போனதும் கைகால்கள் துள்ளி, உறங்கவே முடியாமல் வதைபடுபவர்களைப் பற்றி எழுதினார். 1945-இல் சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்சல் எக்போம் இதை ஒரு தனி நோயாக வகுத்தார். கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, கேள்விகள் போதும். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற அடக்கமுடியாத உந்துதல் வருகிறதா? ஓய்வாக இருக்கும்போது, உட்கார்ந்தாலோ படுத்தாலோ வருகிறதா? எழுந்து நடந்தால் நடக்கும்வரை தணிகிறதா? சாயங்காலமும் இரவும் அதிகமா? நான்குக்கும் ஆமாம் என்றால், வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு இந்த முடிவுக்கு வரலாம். வெரிகோஸ் நோயாளியின் கனமும் வலியும் படுத்துக் காலை உயர்த்தினால் குறையும். குடைச்சல்காரருக்குப் படுத்தால்தான் கூடும். வீட்டிலேயே கவனித்துப் பார்க்கக்கூடிய வித்தியாசம் இது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு என்பதுதான் சிக்கல்.

மேற்கத்திய நாடுகளில் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. பெங்களூரில் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில் 2.1 சதவீதம் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வந்து, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அடிக்கடி வருகிறது. பலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும்.

இதன் அடியில் கிடப்பது இரும்புச்சத்து. மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறைந்தால் டோபமைன் என்ற ரசாயனத்தின் ஒழுங்கு கெடுகிறது; இரவில் அந்த ஒழுங்கின்மை காலில் தெரிகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த எண்ணையும் ராத்திரி கால் குடைகிறது என்ற புலம்பலையும் நாம் ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவதும் தவறு. சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். சாதாரண லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகிற 20, 30 என்ற அளவு இந்த நோயாளிக்குப் போதாது. 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுக்கலாம் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ எடுத்தால் உடம்பில் சேரும். ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் தாமாகவே இரும்பு சாப்பிடுவதும் கூடாது.

சிரைக்கும் இந்தக் குடைச்சலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா? உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. 1995-இல் அமெரிக்காவில், குடைச்சலும் சிரைக் கோளாறும் சேர்ந்திருந்த 113 பேருக்குச் சிரையில் மருந்து ஊசி போட்டபோது கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஆரம்பத்தில் நிவாரணம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் நாலில் ஒருவருக்குமேல் திரும்பி வந்தது. 2008-இல் 35 பேரை வைத்து வெளியான இன்னோர் ஆய்வில், சிரையை லேசரால் அடைத்தவர்களின் குடைச்சல் மதிப்பெண் 80 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இவை சின்ன ஆய்வுகள். எந்தச் சிகிச்சை கிடைத்தது என்று நோயாளிக்குத் தெரிந்தே நடந்தவை. இரவில் கால் குடைகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கட்டி லேசர் செய்துகொள்ளச் சொல்லும் விளம்பரங்களை நம்பவேண்டாம். டாப்ளரில் கசிவு உறுதியாகி, காலிலும் அதன் அறிகுறி இருந்தால் சிரைக்காகச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். குடைச்சலும் சேர்ந்து குறைந்தால் மகிழ்ச்சி.

மருந்தே ஆட்டி வைக்கும்போது

இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் நடக்கும் மருமகளை வீட்டில் என்ன சொல்வார்கள்? "அவளுக்கு மனசு சரியில்லை." அவர் சொல்வதும் அப்படித்தான் இருக்கும்: தூக்கமில்லை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது. மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று எழுதினால் அது தவறே இல்லை. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் இருப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஆனால், காலைப் பற்றிக் கேட்காமல் எழுதப்படும் மனச்சோர்வு மருந்துகளில் பல அதே குடைச்சலைக் கூட்டக்கூடியவை. மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் தூக்கம் இன்னும் கெடுகிறது. மனம் தேறவில்லை என்று நினைத்து மாத்திரை கூட்டப்படுகிறது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் சளி மாத்திரைகளும், தூங்க வைக்கும் என்று கொடுக்கப்படும் அலர்ஜி மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் அப்படித்தான். தூங்குவதற்காகப் போட்ட மாத்திரையால் ராத்திரி முழுக்க நடந்தவர்கள் உண்டு.

இதைவிடக் கொடியது இன்னொன்று. மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளால் சிலருக்கு உட்காரவே முடியாத ஒரு நிலை வருகிறது. 1901-இல் பிராகா நகரத்து மருத்துவர் ஹாஸ்கொவெக் அதற்கு 'அகத்திசியா' என்று பெயர் வைத்தார். இன்றைய மருந்துகள் வருவதற்கு முன்பே வேறு நோயாளிகளிடம் பார்த்து வைத்த பெயர் அது. நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள், உட்கார்ந்தால் எழுவார்கள், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார்கள். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் போல இரவுக்கு மட்டும் ஒதுங்கியதில்லை, பகலிலும் இருக்கும். காலோடு நிற்காமல் உடம்பு முழுக்க ஒரு தவிப்பு. "மருந்து குடுத்தப்புறம் ஆட்டம் ஜாஸ்தியாயிடுச்சு சார்" என்று அப்பா சொல்கிறார். நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டினால் தவிப்பு கூடுகிறது. தாங்கமுடியாமல் உயிரை விடத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, பிராப்ரனலால் போன்ற சாதாரண மாத்திரையைச் சேர்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஆனால், மருந்தை வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும்.

மனம் சரியில்லாத பிள்ளையை மலையடிவாரத்துக்கு அழைத்து வந்து, சுற்றினால் சரியாகும் என்று நம்பும் குடும்பங்களைக் கிரிவலப் பாதையில் பார்க்கலாம். அவர்களுடைய நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். நடக்கும்போது அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருப்பதும் உண்மைதான். குடைச்சலோ தவிப்போ இருந்தால் அசைவில் அது தணியும். நடந்தால் தேவலை என்று பெற்றோர் கண்டதை டாக்டரிடமும் சொல்லவேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அது அவருக்கு மிக முக்கியமான குறிப்பு.

குடைச்சலுக்கென்றே உள்ள மருந்துகளிலும் ஒரு மனநல எச்சரிக்கை இருக்கிறது. பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற டோபமைன் வகை மாத்திரைகள் முதல் வாரத்திலேயே அற்புதமாக வேலை செய்யும். வருடங்கள் போகப்போக, பலருக்கு இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மதியமே வரத் தொடங்கும், கைக்கும் பரவும். சிலருக்குச் சூதாட்ட வெறி, கட்டுப்பாடற்ற செலவு என்று குணமே மாறும். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விடும் ஒரு நடுவயதுக்காரருக்குக் காரணம் அவருடைய கால் மாத்திரையாக இருக்கலாம் என்று எந்த வீட்டில் யோசிப்பார்கள்? 2025-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி வெளியிட்ட வழிகாட்டுதல் இவற்றை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. இரும்புச்சத்தையும் காபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகளையும் முன்னால் வைக்கிறது.

இந்த ஊருக்கே உரிய ஒரு தயக்கத்தையும் சொல்லவேண்டும். 1896-இல் இங்கு வந்த பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதும் தெரியாமல் அமர்ந்திருந்தார். உடம்பை மறந்தவரைக் கொண்டாடும் ஊரில், கால் குடைகிறது என்று புலம்புவது சிறுமையாகத் தோன்றிவிடுகிறது. ஆனால் அதே ரமணருக்குப் பிற்காலத்தில் முட்டிவாதம் வந்தது. அன்பர்கள் தைலம் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டார்கள், அவரும் ஏற்றுக்கொண்டார்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது கூச்சப்படாமல் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். படுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று ஒரு வாரம் கவனித்துவிட்டுச் சொல்லுங்கள். நின்ற நிலையில் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கவைத்துப் பார்த்தால் சுருள் மறைந்துவிடும். ஃபெரிட்டின் பார்க்கலாமா என்று கேளுங்கள். எதிலும் பிடிப்பில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அதையும் அதே மேசையில் சொல்லுங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

ஊரும் செய்யவேண்டியது இருக்கிறது. திருப்பதியில் பக்தர்கள் கூடங்களில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். இங்கே தர்ம தரிசன வரிசையில் முதியவர்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வரிசை நெடுகிலும் சுவரோரம் திண்ணை மாதிரி ஓர் இருக்கை கட்டக் கோயில் நிர்வாகத்தால் முடியும். தீபத்துக்குப் பந்தோபஸ்து போடும் அதிகாரிகள், ஒரே தடுப்புக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கவைக்காமல், மணிக்கொரு முறை இடம் மாற்றி நடக்கவிடலாம். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தேரடித் தெருக் கடைகளுக்குள் வரும்போது ஸ்டூல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், கடைசியாக எப்போது உட்கார்ந்தீர்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம், முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்கவேண்டும்.